ஈறுகளில் இரத்தம் கசிந்தால் என்ன செய்வது?

(தோட்டத் தொழிலாளர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற சுகாதாரச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், “பல்லில் வலி வந்தால் பிடுங்கிவிடலாம்; இதற்கென்று ஒரு சொற்பொழிவு வேண்டுமா?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நான் இன்று பேசப் போவது வலியைப் பற்றியன்று. வலியே இல்லாமல் வந்து, வலியே இல்லாமல் வளர்ந்து, நல்ல பற்களையும் ஒவ்வொன்றாக ஆடச் செய்து விழவைக்கும் ஒரு நோயைப் பற்றியாகும். அந்நோய் தனது வருகையை ஒரே ஓர் அடையாளத்தினால் நமக்கு அறிவிக்கின்றது. அதுவே ஈறுகளில் இரத்தம் கசிதல்.

விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்துக்குப் புறப்படும் அவசரத்தில் பல்லைத் துலக்குகின்றோம். துப்பும் நீரில் இரத்தம் கலந்திருக்கின்றது. அப்பொழுது நம்மவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். சிலர் அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. சிலர் உப்பையோ கிராம்புத் தைலத்தையோ தடவிக்கொண்டு மறந்துவிடுகின்றனர். இன்னும் சிலர், “துலக்குவதால்தான் இரத்தம் வருகின்றது” என்று முடிவு செய்து, அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். முதல் இரண்டும் பயனற்றவை. மூன்றாவதோ பெருந்தீங்கு விளைவிப்பது. ஈறில் இரத்தம் வருவது, பல் துலக்குவதை நிறுத்துமாறு கூறும் அடையாளமன்று. அந்த இடத்தை இன்னும் மென்மையாகவும் இன்னும் கவனமாகவும் துலக்குமாறு கூறும் அடையாளமாகும். என் சொற்பொழிவில் வேறெதனை மறந்தாலும், இந்த ஒன்றை மறவாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஈறு எதற்காக இருக்கின்றது?

பட்டையைப் பற்றிப் பால் மரம் வெட்டும் உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கத்தி அளவுக்கு மீறி ஆழமாகப் பாய்ந்து, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் புண்பட்டுப் போகும். பின்னர் வளரும் பட்டை மேடும் பள்ளமுமாக இருக்கும். கத்தி படாத மரத்தில் பால் வடிவதைக் கண்டால், அங்கே ஏதோ காயம் உண்டென்று நீங்கள் உடனே அறிந்துகொள்வீர்கள்.

ஈறும் அத்தகையதே. பல்லின் வேரும், அவ்வேரைப் பிடித்து நிறுத்தும் தாடை எலும்பும் வெளியே தெரியாதவாறு மூடிக் காப்பது ஈறாகும். நலமுள்ள ஈறு பல்லின் கழுத்தை இறுகப் பற்றியிருக்கும். தொட்டால் உறுதியாக இருக்கும். மென்மையாகத் துலக்கினால் அதிலிருந்து ஒரு துளி இரத்தமும் வராது. நோயுற்ற ஈறோ சிவந்து, வீங்கி, பளபளப்பாக இருக்கும். அது பல்லைப் பற்றியிருக்கும் பிடியும் தளர்ந்துபோகும். மெல்லத் தொட்டாலே இரத்தம் கசியும். ஆகவே, “என் ஈறு பிறவியிலேயே மென்மையானது, எப்பொழுதும் இரத்தம் வரும்” என்று கூறுவது சரியன்று. எப்பொழுதும் இரத்தம் வருமாயின், எப்பொழுதும் நோய் இருக்கின்றது என்பதே அதன் பொருள்.

முதன்மையான காரணம் யாது?

ஈறுகளில் இரத்தம் கசிவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் மிகப் பெரும்பாலோர்க்குக் காரணம் ஒன்றேயாகும். அது பற்களின் மீது படியும் அழுக்குப் படலம்.

நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் எண்ணற்றவை வாழ்கின்றன. பல் துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளேயே அவை மீண்டும் பல்லின் மேல் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. இரண்டு நாள் துலக்காத பல்லை நகத்தினால் சுரண்டிப் பார்த்தால், வெண்மையான பிசுபிசுப்பு ஒன்று வரும். அது சோற்றுத் துணுக்கன்று. கிருமிகளின் கூட்டமே அது. பல்லும் ஈறும் சேருகின்ற இடத்தில் அது தங்கிவிட்டால், அக்கிருமிகள் வெளிவிடும் நஞ்சு ஈறைப் புண்படுத்துகின்றது. உடல் அதனை எதிர்த்துப் போராட இரத்தத்தை அங்கே மிகுதியாக அனுப்புகின்றது. அதனாலேயே ஈறு சிவந்து வீங்கி, எளிதில் கசிகின்றது. இதனை ஈறழற்சி என்பர்.

வாய் கொப்பளித்தால் இந்தப் படலம் போகாது, தேய்த்தாலே போகும். நாள்தோறும் தேய்த்து அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள தாது உப்புகள் சேர்ந்து அது சுண்ணாம்பைப் போல் இறுகிக் காரையாகிவிடும். காரை படிந்த பிறகு எந்தத் தூரிகையாலும், எந்தப் பற்பொடியாலும் அதனைப் பெயர்க்க இயலாது. சொரசொரப்பான அந்தக் காரையின் மேல் இன்னும் பல கிருமிகள் குடியேறும்.

இவையெல்லாம் வெறும் ஊகமன்று. 1965ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். நலமான ஈறுகளையுடைய 12 பேர், பல் துலக்குவதை அடியோடு நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். 10 நாள் முதல் 21 நாள்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈறழற்சி உண்டாயிற்று. பின்னர் மீண்டும் நன்கு துலக்கத் தொடங்கியதும், ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன. இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. எவருக்கும் இந்நோய் வரலாம். தொடக்கத்திலேயே கவனித்தால், மருந்தும் ஊசியும் இன்றி நம் கையாலேயே இதனைப் போக்கிக்கொள்ளலாம்.

வலியில்லாமல் வளரும் நோய்

தொடக்கத்தில் கவனிக்காவிட்டால் என்ன நேரும்? கிருமிகள் ஈறின் ஓரத்தைத் தாண்டி உள்ளே இறங்குகின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகின்றது. தூரிகை எட்டாத அந்த இருட்டில் அவை பெருகி, பல்லைத் தாங்கும் எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. ஈறு குணமடையும், ஆனால் கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளை வேர் நோயைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மண்ணுக்கடியில் வெண்ணிறக் காளான் இழைகள் வேரைச் சுற்றிப் படர்ந்து அரித்துக்கொண்டிருக்கும். மேலே இலை பசுமையாகவே இருக்கும். இலை வாடி மஞ்சளிக்கும்பொழுது வேரின் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஒரு காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். வேரைத் தோண்டிப் பார்த்து முன்னதாகவே கண்டுபிடித்த மரத்தையே காப்பாற்ற முடியும். பல்லும் அவ்வாறே. சொத்தையில்லாத, வெண்மையான பல்லொன்று நாற்பது வயதில் ஆடத் தொடங்குகின்றதென்றால், அதன் அடியில் பல ஆண்டுகளாக இந்த வேலை நடந்திருக்கின்றது.

இதனைத் தோட்டத் தொழிலாளர்களிடமே ஆராய்ந்து பார்த்திருக்கின்றனர். 1970ஆம் ஆண்டு தொடங்கி 15 ஆண்டுக் காலம், அதே ஹரால்ட் லோ குழுவினர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் பற்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவ வசதி கிட்டியதில்லை. வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கமும் அவர்களிடம் இருக்கவில்லை. ஏறக்குறைய எல்லாருக்குமே ஈறழற்சி இருந்தது. 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அவர்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக விரைவாகப் பரவியது; 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதிற்குள் எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 விழுக்காட்டினருக்கு நோய் மிதமான வேகத்தில் வளர்ந்தது. 30 வயதுக்குப் பின் பற்கள் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக ஏழு பற்களை அவர்கள் இழந்திருந்தனர். எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறைத் தாண்டிச் செல்லவில்லை.

இதில் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. துலக்காமலேயே தப்பித்தவர்கள் பத்தில் ஒருவர் என்னும் அளவிலேயே இருந்தனர். “என் பாட்டனார் எதனாலும் பல் துலக்கியதில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்” என்று கூறுவோர் அந்தப் பத்தில் ஒருவரைப் பற்றிப் பேசுகின்றனர். மற்ற ஒன்பது பேரில் நாம் ஒருவராக இருக்கலாம் என்பதை மறந்துவிடலாகாது.

வெற்றிலையும் புகையிலையும்

நம் தோட்டங்களில் மூத்தோர் பலருக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. வெற்றிலைச் சாற்றின் சிவப்பில் ஈறின் இரத்தம் மறைந்துவிடுகின்றது. மற்றவர்கள் முதல் நாளிலேயே காணக்கூடிய எச்சரிக்கையை வெற்றிலை போடுவோர் ஆண்டுக்கணக்கில் காண்பதில்லை. ஆகவே, வெற்றிலை போடுவோர் காலையில் வாயை நன்றாகக் கொப்பளித்தபின் வெள்ளைத் துணியொன்றினால் ஈறை மெதுவாகத் துடைத்துப் பார்ப்பது நன்று.

வெற்றிலையினால் விளையும் கேடு அம்மட்டோடு நிற்பதில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985ஆம் ஆண்டில் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், ஏன், பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று 2004ஆம் ஆண்டில் அப்பிரிவு வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. “நான் புகையிலை சேர்ப்பதில்லையே” என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள இடமில்லை.

சிகரெட்டும் சுருட்டும் புகைப்போரின் நிலை வேறொரு வகையில் ஏமாற்றம் தருவது. புகை ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால், நோய் முற்றியிருந்தும் இரத்தம் குறைவாகவே வரும். எனவே, புகைப்பவர் தம் ஈறில் இரத்தம் வராததைக் கண்டு நிம்மதி அடையலாகாது. புகைப்போருக்கே இந்நோய் கடுமையாக வருகின்றது; சிகிச்சையும் அவர்களிடம் குறைவாகவே பலிக்கின்றது.

உடலிலுள்ள மற்ற காரணங்கள்

ஈறில் வரும் இரத்தம் சில வேளைகளில் உடலின் வேறு நோய்களையும் நமக்கு அறிவிக்கின்றது.

முதலாவது நீரிழிவு. 2019ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைகின்றது. ஈறு நோய் விரைந்து முற்றுகின்றது. முற்றிய ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதைக் கடினமாக்குகின்றது. ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள் இவை. ஈறில் அடிக்கடி சீழ் கட்டுகின்றதென்றால், பல் மருத்துவரிடம் செல்வதோடு இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கருவுற்ற காலம். அக்காலத்தில் உடலில் ஏற்படும் மாறுதலால், சிறிதளவு அழுக்குக்கும் ஈறு பெரிதாக வீங்கி இரத்தம் கசியும். “பிள்ளை பெற்றபின் தானே சரியாகிவிடும்” என்று சொல்லித் துலக்குவதைத் தாய்மார்கள் குறைத்துவிடுதல் கூடாது. கருவுற்ற பெண்கள் பல் மருத்துவரிடம் செல்லலாம். காரையைச் சுத்தம் செய்துகொள்வதால் குழந்தைக்குத் தீங்கில்லை. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் அதற்கு மிகவும் வசதியானது. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

மூன்றாவது நாம் உட்கொள்ளும் மருந்துகள். இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மருந்துகளை உண்போருக்கு ஈறில் இரத்தம் எளிதில் வரும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும், இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மருந்துகளும் ஈறைத் தடிக்கச் செய்வதுண்டு. அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடுதல் உயிருக்கே ஆபத்தாக முடியும். மருந்தைப் பையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது சத்துக் குறைவு. 1747ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஈறு அழுகி நலிந்திருந்த 12 மாலுமிகளுக்கு வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். பழங்களிலும் கீரைகளிலுமுள்ள வைட்டமின் ‘சி’ சத்தே அதற்குக் காரணம் என்பது பின்னாளில் தெரியவந்தது. கொய்யாவும் பப்பாளியும் முருங்கைக்கீரையும் தோட்டத்து வீட்டைச் சுற்றியே விளைவன. அவற்றை உண்ணுங்கள். ஆனால் அழுக்கினால் வந்த ஈறு நோயைப் பழமோ சத்து மாத்திரையோ மட்டும் போக்கிவிடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

இனி நான் கூறுபவற்றுக்கு ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இவற்றுக்குப் பல் மருத்துவரைத் தேடாமல், நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சலோடு ஈறில் இரத்தம் வருமாயின் அது டிங்கிக் காய்ச்சலின் அபாய அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நாம் மகிழும் அந்த ஓரிரு நாள்களிலேயே டிங்கியின் ஆபத்து மிகுதி. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு ஆகியவை சேர்ந்திருந்தால் நள்ளிரவானாலும் புறப்பட்டுவிடுங்கள். டிங்கி என்று ஐயம் எழுந்தால் ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடவே கூடாது. அது இரத்தக் கசிவை மிகுதியாக்கும்.

அடிபடாமலேயே உடலில் நீலத் திட்டுகள் தோன்றி, முகம் வெளிறி, களைப்பு மேலிட்டு, ஈறிலும் இரத்தம் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்தத்தைப் பற்றிய கடும் நோய்கள் சில இவ்வாறு தொடங்குவதுண்டு.

எலிகளைக் கொல்ல வைக்கும் மருந்துகள் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. குழந்தை அதனைத் தின்றுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்தே ஈறிலும் மூக்கிலும் இரத்தம் வரும். தின்றதாக ஐயம் எழுந்த உடனேயே, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தாடையோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் கண்டு, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால் அதுவும் உயிருக்கு ஆபத்தான நிலையே. அவ்வாறே, சுத்தமான துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருந்தும் நிற்காத இரத்தத்துக்கும் உடனே மருத்துவ உதவி வேண்டும்.

பல் மருத்துவரிடம் எப்பொழுது செல்வது?

மேற்கூறிய ஆபத்துகள் ஒன்றும் இல்லையென்றால், இரண்டு வாரக் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். இரத்தத்தைக் கண்ட நாள் முதல் இரண்டு வாரம், நாள்தோறும் இருமுறை முறைப்படி துலக்கிப் பாருங்கள். இரத்தம் நின்றுவிட்டால் நல்லது, பழக்கத்தை விடாதீர்கள். நிற்கவில்லையென்றால், தூரிகை எட்டாத இடத்தில் காரை இருக்கின்றதென்று பொருள். பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஈறிலிருந்து சீழ் வருதல், துலக்கியும் நீங்காத வாய் நாற்றம், பல் ஆடுதல், பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி தோன்றுதல், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டாற்போல் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே செல்லலாம். வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, தடிப்போ இருந்தாலும், வாய் வரவரக் குறைவாகவே திறந்தாலும் கட்டாயம் காட்ட வேண்டும். வெற்றிலை போடுவோர் இதனை இருமுறை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களும் ஆண்டுக்கொருமுறை பரிசோதித்துக்கொள்வது நலம்.

“ஒரு நாள் சம்பளம் போய்விடுமே” என்னும் கவலை நியாயமானது. அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களில் நாட்டுக் குடிமக்களிடம் வாங்கப்படும் கட்டணம் மிகச் சிறியது. பால் நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகலில் செல்ல முடியுமா என்று நிலையத்தாரிடம் முன்னதாகக் கேட்டு நாள் குறித்துக்கொள்ளலாம். வேலை செய்ய இயலாத நிலையில் இருப்பதாகப் பல் மருத்துவர் சான்று அளித்தால், தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் அதற்கும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22 நாள் என்னும் கணக்கிலேயே இதுவும் சேரும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

பல் மருத்துவரிடம் சென்றால் பல்லைப் பிடுங்கிவிடுவார் என்னும் அச்சம் பலரிடம் இருக்கின்றது. ஈறு நோய்க்கு முதற் சிகிச்சை பிடுங்குவதன்று. காரையைச் சுரண்டி எடுப்பதே. மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறின் ஓரத்தில் நுழைத்துப் பள்ளத்தின் ஆழத்தை மருத்துவர் அளப்பார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நலம். அதனினும் ஆழமானால், ஈறுக்கடியிலும் சுத்தம் செய்ய நேரும். தேவையானால் மரத்துப்போகும் ஊசி போடப்படும்.

“காரையை எடுத்தால் பல் ஆடும்” என்று சொல்வதுண்டு. எலும்பு கரைந்து பிடிப்பை இழந்த பல்லைக் காரை ஒட்டி நிறுத்தியிருந்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை வெளிப்படுகின்றது. காரையை விட்டுவைத்தால் பல் மேலும் ஆடுமேயன்றி நிலைக்காது. சுத்தம் செய்தபின் சில நாள் பல் கூசலாம். சிறிது இரத்தமும் வரலாம். அவை தாமாகவே நீங்கும்.

வீடு தேடி வந்து பல் கட்டித் தருவதாகச் சொல்லும் தகுதியற்றவர்களை நம்பாதீர்கள். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றமாகும். நோயுள்ள ஈறின் மேல் பல் கட்டினால் அடியில் நோய் வளர்ந்துகொண்டே இருக்கும்.

துலக்கும் முறை

இனி, நாம் வீட்டிற் செய்ய வேண்டியவை. மென்மையான மயிர்களையுடைய சிறிய தூரிகையை வாங்குங்கள். ஃபுளோரைடு கலந்த பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும். தூரிகையின் மயிர்கள் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாகப் படுமாறு வைத்து, சிறு சிறு அசைவாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையில் தொடங்கி ஒவ்வொரு பல்லாக மறு மூலைவரை செல்லுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றும் முடிய இரண்டு நிமிடமாவது ஆகும். நிரையில் ஒரு மரத்தையும் விடாமல் வெட்டிச் செல்வது போல, ஒரு பல்லையும் விடாமல் செல்வதே இதன் இரகசியம்.

காலையில் ஒருமுறையும், இரவு படுக்குமுன் ஒருமுறையும் துலக்க வேண்டும். ஒன்றையாவது தவறவிட நேர்ந்தால், அது இரவாக இருத்தலாகாது. உறங்கும்பொழுது உமிழ்நீர் குறைந்து, கிருமிகள் தடையின்றிப் பெருகுகின்றன. பல்லிடுக்கில் தூரிகை நுழையாது. அதற்கென விற்கப்படும் பல் நூலையோ சிறு தூரிகையையோ பயன்படுத்தலாம். தீக்குச்சி, குண்டூசி, சட்டை ஊசி ஆகியவற்றால் குத்துவது ஈறைக் கிழித்துப் புதிய புண்ணை உண்டாக்கும். செங்கல் தூள், கரித்தூள், சாம்பல் ஆகியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியை நாராகும்வரை மென்று மென்மையாகத் தேய்ப்பதில் தவறில்லை. ஆயினும் உட்பக்கத்துப் பற்களை அது எட்டுவது கடினம். தூரிகையின் மயிர் விரிந்துபோனாலோ, மூன்று மாதம் ஆனாலோ புதியது வாங்குங்கள். ஒரே தூரிகையைக் குடும்பத்தில் பலர் பயன்படுத்துதல் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் பணிக்கெனப் பினாங்கில் 1949ஆம் ஆண்டிலேயே பல் தாதியர்க்குப் பயிற்சி தொடங்கப்பட்டது. அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். ஒப்புதல் படிவம் வீட்டிற்கு வரும்பொழுது அஞ்சாமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள். எட்டு வயது வரையிலாவது பிள்ளைகள் துலக்குவதைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து மேற்பார்வை செய்ய வேண்டும்.

அன்பர்களே! இன்றிரவு உணவு உண்டபின் வெளிச்சத்தில் நின்று, ஒரு கண்ணாடியைக் கையில் பிடித்து உதட்டை விலக்கி உங்கள் ஈறைப் பாருங்கள். உங்கள் வாழ்க்கைத் துணையின் ஈறையும், பிள்ளைகளின் ஈறையும் பாருங்கள். சிவப்போ வீக்கமோ இருந்தால் நாட்காட்டியில் இன்றைய நாளைக் குறித்து, முறைப்படி துலக்கத் தொடங்குங்கள். பதினான்காம் நாளும் இரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.